உள்பக்கத் தாழ்ப்பாள்

தாழ்ப்பாளம்மா என்ற பெயரைக் கைதிகள் அன்போடு வைத்ததாகத்தான் பேச்சு. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. உண்மையில் அது கூட வேலை பார்த்த வார்டர்கள் கேலிக்கு வைத்த பெயர். 'அதோ வருது பாரு, தாழ்ப்பாள்' என்று அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணடித்துக்கொள்வார்கள். அவள் மேலதிகாரியாகி, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு, அதே வாய்கள்தான் பெயருக்குப் பின்னால் ஒரு 'அம்மா'வைச் சேர்த்துக்கொண்டன. பதவி வந்தால் பெயர் கொஞ்சம் நீளும். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

அவள் வார்டராகச் சேர்ந்த காலத்தில் பெண்கள் சிறையின் குளியலறைக் கதவுகளுக்குப் பாதி உடம்புதான் இருந்தது. கீழே முழங்கால் தெரியும், மேலே தோள் தெரியும். நடுவில் மட்டும் ஒரு பலகை. அந்தப் பலகைக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. காவலில் இருப்பவர் எந்த நேரமும் தள்ளிப் பார்க்கலாம் என்பது விதி. பார்த்தே ஆக வேண்டும் என்பது வழக்கம். விதியைக்கூட மேலே எழுதிப் போட்டு மாற்றிவிடலாம், வழக்கத்தின் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

சேர்ந்த புதிதில் அவளும் தள்ளினாள். உள்ளே அவள் அம்மா வயதில் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் கையால் உடம்பை மறைப்பாள், ஏதாவது கத்துவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அந்தப் பெண் எதுவும் செய்யவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மழை விடட்டும் என்று நிற்கிறவர்களைப் போல அப்படியே நின்றாள். சோப்பு நுரை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளம்மாவுக்கு அன்றைக்கு ஏற்பட்ட வெட்கம் அவளுடைய வேலைக்காலம் முழுக்கக் கூடவே வந்தது. பிறகு பேட்டி எடுக்க வந்தவர்கள் 'எந்தப் புத்தகம் உங்களை மாற்றியது?' என்று கேட்டபோதெல்லாம், அந்த முதுகைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் எதையோ சொல்லி மழுப்பினாள்.

முழுக் கதவு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று அவள் எழுதிப்போட்ட மனுக்களை மேலிடத்தில் படித்தார்களா, பஜ்ஜி மடித்தார்களா தெரியாது. பதில் மட்டும் வராது. கடைசியில் அவளே அந்தச் சிறைக்குக் கண்காணிப்பாளரானாள். மனுப் போடுகிற இடத்திலிருந்து மனு வாங்குகிற இடத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கதவுகளை மாற்றினாள்.

தாழ்ப்பாள் போட்ட முதல் நாள், குளிக்கிற வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டாள். டக், டக் என்று அந்தப் பக்கம் முழுக்க ஒரே சத்தம். கணவனைக் கொன்ற வழக்கில் வந்திருந்த ஒரு பெண் உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை. வார்டர் ஒருத்தி பயந்துபோய், "உள்ள என்னடி பண்ற?" என்று கத்தினாள்.

"ஒண்ணும் பண்ணல மேடம். சும்மா இருக்கேன்."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தாழ்ப்பாளம்மா வராந்தாவில் நின்று அதைக் கேட்டாள். அவள் வேலையில் சந்தோஷப்பட்ட நாட்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்கு மேல் போகாது. அந்த நாள் அதில் ஒன்று.

சந்தோஷம் நிலைக்கவில்லை. வலிப்பு நோய் இருந்த ஒரு பெண் உள்ளே விழுந்துவிட்டாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. கடப்பாரை தேடி எடுத்து வந்து கதவைப் பெயர்ப்பதற்குள் அவள் நெற்றி பிளந்து, முன்பல் இரண்டும் போய்விட்டன. உயிர் தப்பியது. மறுநாளே மேலிடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"உள்ளேருந்து பூட்டிக்கிற ஜெயிலை உலகத்துல எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றார் பெரிய அதிகாரி. "அவங்களே பூட்டிக்கிட்டா நமக்கு இங்க என்ன வேலை? எல்லாத்தையும் கழட்டிடுங்க."

அவள் கெஞ்சினாள். அதிகாரி முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனவள், அங்கேயே அழுதும்விட்டாள். கடைசியில் அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். தாழ்ப்பாள் இருக்கட்டும், ஆனால் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும். அது கைதிகளுக்குத் தெரியக்கூடாது.

சிறைத் தச்சுக்கூடத்து ஆசாரிதான் அதைச் செய்து கொடுத்தார். பக்கவாட்டில் தள்ளுகிற தாழ்ப்பாள் இல்லை, மேலிருந்து கீழே விழுகிற நாக்கு வைத்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மயிரிழை இடுக்கு ஒன்று விட்டார். அதில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை நுழைத்து மேலே தூக்கினால் நாக்கு எழும்பிவிடும். தகடு ஒன்றே ஒன்று. அது தாழ்ப்பாளம்மாவின் சாவிக்கொத்தில் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கே அவள் வார்டர்களுக்கு ஓர் உத்தரவும் போட்டாள். மூடிய கதவுக்கு முன்னால் நின்று முதலில் தட்ட வேண்டும். பிறகு தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு பதில் வரும்வரை நிற்க வேண்டும்.

"எல்லாரும் இதை மாமியார் வீடுன்னு சொல்றது சரியாத்தான் போச்சு," என்றாள் ஒரு மூத்த வார்டர். "கதவத் தட்டிட்டு வாசல்ல நிக்கணுமாம், நாம என்ன மாப்பிள்ளையா?"

சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். நாளடைவில் மற்றச் சிறைகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 'உள்ளிருந்து தாழிடும் உரிமை' என்று யாரோ பெரிய வார்த்தையில் கட்டுரை எழுதினார்கள். அவளுக்கு விருது வந்தது. விருது வாங்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு முறையும் சாவிக்கொத்தில் அந்தத் தகடு ஆடுவதைப் பார்த்து, 'நான் ஒரு பித்தலாட்டக்காரி' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். உள்ளே இருப்பவர்கள் பூட்டிக்கொண்டதாக நம்புகிறார்கள், பூட்டே இல்லை. ஓய்வு பெறும்வரை தகட்டை ஒரு தடவைகூட அவள் பயன்படுத்தவில்லை. அப்படியும் மனசு ஆறவில்லை. ஓய்வு பெற்ற நாளில் சாவிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தவள் தகட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டாள்.

வீட்டில் அவளுடைய கணவர். டவுன் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் நிறையச் சிரிப்பு, ஹார்ன் மாதிரி குரல். அவள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்.

"என்ன ஜெயிலரம்மா, இன்னிக்கு எத்தனை பேரைப் பூட்டிட்டு வந்தீங்க?"

"எல்லாரையும்தான். வீட்ல ஒருத்தர் பாக்கி."

தினமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது இதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப்போவாள். அந்த வேடிக்கைப் பேச்சு ஒருநாள் பலித்துத் தொலைக்கும் என்று யார் கண்டார்கள்.

முதலில் அவருக்குப் பெயர்கள் மறந்தன. பிறகு தெருக்கள் மறந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மறந்தது. 'வண்டி எடுக்கணும், ஜனங்க நிக்கறாங்க' என்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டெப்போ எந்தப் பக்கம் என்பது ஞாபகம் இல்லை, போக வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. ஒருமுறை அவரைப் பெரிய சாலையின் நடுவில் கண்டுபிடித்தார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, இவர் நடுவில் நின்று, வராத பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அவர் தோளில் உரசிச் சட்டையைக் கிழித்திருந்தது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஆளே இல்லை.

கிழிந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைக்குப் போய் ஒரு கொண்டியும் பூட்டும் வாங்கி வந்து அவருடைய அறைக் கதவின் வெளிப்பக்கம் பொருத்தினாள். அவள் சமைக்கும்போது, குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது பூட்டு தொங்கும். பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். வேலைக்காலம் முழுக்கச் செய்த கை, சொல்லாமலே செய்தது.

அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. முதல் சில நாட்கள் கதவைத் தட்டினார். பிறகு அதையும் விட்டுவிட்டு, கதவோரம் வந்து நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தார்.

"மேடம், என் கேஸ் எப்ப வருதுங்க மேடம்?"

"கேஸெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க நம்ம வீட்லதான் இருக்கீங்க."

"நான் யாரையும் இடிக்கல மேடம். வேணும்னா கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். கதவைத் திறந்துவிட்டால் சாலை அவரைத் தின்றுவிடும். பூட்டினால் அவள் கட்டிக்கொண்ட மனிதர் தன்னைக் கைதி என்று நம்பிக்கொண்டே சாவார். இதற்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க அவளுக்கு ஒருத்தரும் இல்லை.

மகள் இருக்கிறாள், வேறு ஊரில். தினமும் போனில் அதையேதான் சொல்வாள்.

"ஹோம்ல சேத்துடலாம்மா. நல்ல இடமா நானே பாத்து வச்சிருக்கேன். அப்பாவை நல்லா பாத்துப்பாங்க."

"அங்க கதவு எப்படிடி?"

"கதவா? அது என்னம்மா கேள்வி? பூட்டித்தான் வைப்பாங்க. இல்லன்னா எல்லாரும் போயிடுவாங்களே."

"அதுக்கு நானே போதும்," என்று வைத்துவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் சிறைத் துறையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய பெண்கள் பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், திறப்பு விழாவில் அவளைக் கௌரவிக்கிறார்கள், காரே வந்து கூட்டிப்போகும். அவள் முடியாது என்றுதான் சொன்னாள். எதிர்வீட்டுத் தையற்காரி விடவில்லை.

"போயிட்டு வாங்கக்கா. நீங்களும் இப்படியே உள்ள கெடந்து கெடந்து என்ன ஆகப்போறீங்க? நான் காதைத் தீட்டிக்கிட்டுத் தைக்கிறேன். சத்தம் கேட்டா ஓடி வந்துடறேன்."

"பூட்டைத் தொறந்துடாத. உன்னால அவர் பின்னால ஓட முடியாது."

"சாவியை எங்கிட்ட குடுக்கவே வேணாம், நீங்களே வச்சிக்கங்க. அப்பதான் உங்களுக்கு நிம்மதி."

காலையில் அவருக்குச் சாப்பாடு கொடுத்து, தலை வாரிவிட்டு, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தாள். அவர் அவளுடைய பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு, "மேடம், இன்னிக்குக் கோர்ட்டா?" என்று கேட்டார். அவள் வெளியே வந்து பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள்.

புதுக் கட்டடம் பளபளவென்று ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. விழாவுக்கு முன் இளம் கண்காணிப்பாளர் ஒருத்தி அவளைச் சுற்றிக் காட்டினாள். துடிப்பான பெண், நல்ல பெண்தான். குளியலறைக் கதவுகள் முழுசாக இருந்தன. தாழ்ப்பாளம்மா உள்பக்கம் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று ஒன்றும் இல்லை.

"இதுல தாழ்ப்பாள் எங்கம்மா?"

"இப்ப தாழ்ப்பாளே தேவையில்ல மேடம். எல்லாம் சென்சார். உள்ள ஆள் இருக்கறது கதவுக்கே தெரியும். மூடறதும் தொறக்கறதும் கன்ட்ரோல் ரூம்லேருந்து. பழைய மாதிரி ரிஸ்க்கே கிடையாது."

"உள்ள இருக்கறவங்க மூடிக்கணும்னா?"

"மூடியேதான் மேடம் இருக்கும்," என்றாள் அந்தப் பெண், கேள்வி புரியாமல். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தாழ்ப்பாளம்மாவின் காலம் அங்கே முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

மேடையில் ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். 'மனிதக் கண்ணியத்தின் மறுபெயர்' என்று ஒருவர் முழங்கினார். அவள் வீட்டுப் பூட்டின் சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வியர்த்துச் சாவி வழுக்கியது. கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அவருடைய கை கதவைத் தட்டுவதாகவே காதில் விழுந்தது. கடைசியில் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள், பழைய பகுதியை இடித்தபோது கழற்றிய தாழ்ப்பாள் ஒன்று. தங்க வண்ணம் பூசியிருந்தார்கள். ஆசாரி செய்த அதே தாழ்ப்பாள், விழுகிற நாக்கோடு.

கீழே இறங்கியதும் ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நரை விழுந்துவிட்டது, ஆனாலும் அடையாளம் தெரிந்தது. அன்றைக்குப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவள். தண்டனை முடிந்து இப்போது சலவைக்கடை வைத்திருக்கிறாள்.

"என்னம்மா இவ்ளோ இளைச்சிட்டீங்க?"

அந்தக் கையின் சூடு பட்டதும் தாழ்ப்பாளம்மாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இது ஏமாத்து வேலைடி," என்றாள். "வெளியிலேருந்து தொறக்கலாம். ஒரு தகடு இருந்தா போதும். உங்ககிட்ட சொல்லவேயில்ல நான்."

சலவைக்கடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, அது எங்களுக்குத் தெரியாதாம்மா? தச்சுக்கூடத்துல கூட்டிப் பெருக்கினதே எங்க ஆளுங்கதான். போட்ட வாரமே எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"பின்ன என்ன செய்யறது? மொதல்ல எல்லாம் குளிக்கறப்ப அந்த இடுக்கையே பாத்துக்கிட்டிருப்பேன். இப்ப தகடு வரும், இப்ப வரும்னு. வரவேயில்ல. தட்டுவீங்க, பேரைச் சொல்லுவீங்க, நிப்பீங்க. அப்புறம் நான் இடுக்கைப் பாக்கறதை விட்டுட்டேன்." அவள் கையை விடவில்லை. "நீங்க தொறக்கல இல்ல? அப்ப அது தாழ்ப்பாள்தாம்மா."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் நிற்கவில்லை.

வீட்டு வாசலிலேயே தையற்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "ரொம்ப நேரமா உள்ள எதையோ இழுக்கற சத்தம் கேட்டுச்சுக்கா. அப்புறம் கப்சிப்புனு ஆயிடுச்சு. கூப்பிட்டேன், பதிலே இல்ல."

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் நாற்காலியும் கிடந்தது போல இருக்கிறது, தள்ளும்போது கடகடத்தது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"எங்க வீட்ல கடப்பாரை இருக்கு, எடுத்துட்டு வரவா?" என்றாள் தையற்காரி.

கடப்பாரை என்றதும் தாழ்ப்பாளம்மாவுக்கு நெற்றி பிளந்த அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அவர் உள்ளே விழுந்து கிடக்கலாம். நேரம் போகப்போக ஆபத்து. உடைப்பதுதான் புத்தி, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் கை தானாகக் கதவைத் தள்ளத் தோளோடு எழும்பியது. பிறகு கீழே இறங்கியது.

இத்தனை மாதத்தில் இந்தக் கதவை அவள் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டவள். நினைத்ததும் கூசிப்போய்விட்டாள்.

விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள்.

"நான்தாங்க. உங்க வீட்டுக்காரி."

பதில் இல்லை. தையற்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவள் கை காட்டி நிறுத்திவிட்டு, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். மறுபடி தட்டினாள், மறுபடி சொன்னாள், மறுபடி காத்திருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கிட்டத்தில், ஒரு குரல் கிசுகிசுத்தது.

"யாரு?"

உயிர் வந்தது அவளுக்கு. "நான்தாங்க."

"போயிடுங்க இங்கேருந்து. இங்க ஒரு பொம்பள இருக்கா. வந்து வந்து பூட்டிட்டுப் போறா. உங்களையும் புடிச்சிப் போட்டுடுவா."

தாழ்ப்பாளம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வேலைக்காலத்தில் எத்தனையோ ஏச்சும் சாபமும் கேட்டவள். எதுவும் இந்த மாதிரி உள்ளே போய்த் தைத்ததில்லை.

"அவ இப்ப இங்க இல்லைங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். போயிட்டா."

பிறகு நாற்காலி இறங்கியது, கட்டில் கிரீச்சென்று நகர்ந்தது. ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது. அவர் தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பஸ்ஸை எடுப்பதற்கு முன் அப்படித்தான் பார்ப்பார். சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, கட்டிலைத் திரும்பவும் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

"சத்தம் போடாதீங்க," என்றார். "அவ வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இப்படி உக்காந்துக்கலாம்."

இருவரும் கட்டிலுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவர் தன் உடம்பைக் கதவுப் பக்கம் வைத்து, அவளை மூலைப்பக்கம் மறைத்துக்கொண்டார். அவளுடைய கையை விடவேயில்லை. அவளிடமிருந்தே அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற அந்த மனிதரின் தோளில் முகத்தைப் புதைத்து அவள் சத்தமில்லாமல் அழுதாள். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் தச்சரைக் கூப்பிட்டாள். வெளிப்பக்கக் கொண்டியைக் கழற்றச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டியை உடைத்துத் தங்க வண்ணத் தாழ்ப்பாளை எடுத்து, அறைக் கதவின் உள்பக்கம் பொருத்தச் சொன்னாள். தச்சர் பொருத்திவிட்டுக் கதவை மூடிப் பார்த்தார்.

"நிலைக்கும் கதவுக்கும் நடுவுல லேசா இடுக்கு வருதும்மா. ஒரு சட்டம் வச்சு அடைச்சிடவா?"

"வேணாம். இருக்கட்டும்."

"வெளியிலேருந்து யாராவது ஏதாவது விட்டுத் தூக்கினா தொறந்துக்குமே?"

"தெரியும்," என்றாள்.

பூட்டை வெளிக்கேட்டில் மாட்டினாள். உள்பக்கம் நின்றுகொண்டு பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு அவள் வெளியே போவது நின்றுபோனது. காய்கறியும் மருந்தும் தையற்காரி கம்பி வழியாகக் கொடுப்பாள். எதிரே தெரு ஓடிக்கொண்டிருக்கும், இவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். விருந்தாளியாகக் கூப்பிட்டவர்கள், பேட்டி கேட்டவர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல நின்றுவிட்டார்கள்.

"கடைசியில நீயும் சேந்து மாட்டிக்கிட்டியேம்மா," என்று போனில் மகள் அழுதாள்.

"ஆமாண்டி. மாட்டிக்கிட்டேன்." அதை இல்லையென்று சொல்லி மகளை ஏமாற்ற அவளுக்கு விருப்பமில்லை. சில சாயங்காலங்களில் கேட்டை ஆட்டிப் பார்த்து, ஓவென்று கத்த வேண்டும் போலிருக்கும். அவர்மேலேயே கோபம் வரும். கோபம் வந்ததற்காகத் தன்மேல் கோபம் வரும். பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு முன்னால் போய் நிற்பாள்.

கதவு மூடியிருக்கும். தட்டுவாள். சொல்வாள். நிற்பாள்.

சில நாள் உடனே குரல் வந்துவிடும். சில நாள் வராது. வராத நாட்களில் அவள் கை இடுப்புக்குப் போகும். சாவியோடு சேர்ந்து அந்தத் தகடும் அங்கேதான் இருந்தது. விழுந்து கிடக்கிறாரோ, மூச்சு இருக்கிறதோ என்று மனசு கிடந்து துடிக்கும். தகட்டின் முனையை இடுக்குவரை கொண்டுபோய் வைத்துக்கொண்டு இன்னொரு முறை தட்டுவாள். ஒருநாள் அப்படி நின்றபோது, உள்ளேயிருந்து அந்தக் கிசுகிசுப்பு வந்தது.

"யாரு?"

"நான்தாங்க. உங்க வீட்டுக்காரி."

"அவ போயிட்டாளா?"

"போயிட்டா."

டக். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். தாழ்ப்பாளைப் போட்டார். போட்டதைத் தடவிப் பார்த்தார். ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். முகத்தில் அவளுக்கு ரொம்ப நாளாகக் காணக் கிடைக்காத பழைய சிரிப்பு.

"இனிமே பயமில்ல உங்களுக்கு," என்றார். "இது உள்ளேருந்து போடறது. அவளால தொறக்க முடியாது இல்ல?"

தட்டுக்கு அடியில், உள்ளங்கையில், தகடு இருந்தது.

"முடியாதுங்க," என்றாள் அவள். "அவளால முடியாது."